இணைந்து உழைக்கும் இரு ஜெனரேட்டர்கள்

அமெரிக்க நாட்டில் விடுமுறைக் காலத்தில் நெடும்பயணம் செல்லும் குடும்பங்கள் பல, வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்கின்றன எனலாம். படுக்கை, அடுக்களை, குளியலறை, கூரையின்மேல் குளிர்பதனக் கருவி ஆகிய அனைத்தும் அமைந்த அந்த ஊர்தியை அங்கே சுருக்கமாக ‘ஆர்.வி.’ என்பர். நாம் அதனை வீட்டு வண்டி என்றே அழைப்போம். முகாமிடங்களில் உள்ள மின்கம்பத்தில் வண்டியின் கம்பியைச் செருகினால் மின்சாரம் கிடைத்துவிடும். ஆனால் அரிசோனாப் பாலைவனத்தின் நடுவே மின்கம்பம் ஏது? அங்கே பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டரே துணை. பலர் இரண்டு ஜெனரேட்டர்களைக் கொண்டு சென்று, அவற்றை ஒன்றாக இணைத்து வண்டிக்கு மின்சாரம் ஊட்டுகின்றனர். வகுப்பில் நாம் படித்த மின்னியல் பாடம் இங்கே எவ்வாறு பயன்படுகிறது என்று காண்போம்.

ஏன் இரண்டு?

அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் 230 வோல்ட்டும் 50 ஹெர்ட்ஸும் என்பதை அறிவோம். வீட்டு வண்டிகள் பலவற்றின் மின்செருகி 30 ஆம்பியர் அளவுடையது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். ஆகவே 120 × 30 = 3,600 வாட்.

கையால் தூக்கக்கூடிய ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா ஈ.யூ. 2200 வகை, இடைவிடாமல் 1,800 வாட் தரும். சிறிது நேரத்திற்கு மட்டும் 2,200 வாட் வரை தரும். எடை ஏறத்தாழ 21 கிலோ. இத்தகைய இரண்டு சேர்ந்தால் 3,600 வாட்; வண்டியின் செருகி ஏற்கும் அளவும் அதுவே.

பெரிய ஜெனரேட்டர் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். அதனைத் தனியொருவர் தூக்குதல் அரிது. மேலும் இரவில் விளக்கும் சிறு விசிறியும் மட்டும் வேண்டுமானால் இரண்டில் ஒன்றை ஓட்டினால் போதும், பெட்ரோல் மிச்சமாகும். ஒன்று பழுதுபட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

குளிர்பதனக் கருவியின் இயல்பையும் நாம் நோக்க வேண்டும். ஓடும்போது 1,500 வாட் அளவே கேட்கும் அக்கருவி, தொடங்கும் கணத்தில் அதைப்போல் இருமடங்குக்கு மேலும் கேட்கக்கூடும். நின்ற வண்டியைத் தள்ளத் தொடங்கும்போதுதானே அதிக பலம் வேண்டியிருக்கிறது! அந்த ஒரு கணத்தில் தனி ஜெனரேட்டர் திணறி நின்றுவிடலாம்; இரண்டாயின் தாங்கும்.

120-உம் 120-உம் சேர்ந்தால் 240 ஆகாதா?

மாணவியர் பலருக்கும் எழும் ஐயம் இது. தொடர் இணைப்பில்தான் மின்னழுத்தங்கள் கூடும். இங்கே செய்வது பக்க இணைப்பு. ஒரே உயரத்தில் உள்ள இரு தண்ணீர்த் தொட்டிகளை ஒரு குழாயால் இணைப்பதாகக் கொள்வோம். நீரின் அழுத்தம் கூடுவதில்லை. கிடைக்கும் நீரின் அளவே கூடுகிறது. அவ்வாறே மின்னழுத்தம் 120 வோல்ட்டாகவே இருக்க, ஒவ்வொன்றும் தரும் 15 ஆம்பியர் சேர்ந்து 30 ஆம்பியர் ஆகிறது.

தாளம் தவறினால்?

ஜெனரேட்டர் தருவது மாறுதிசை மின்னோட்டம். அதன் அலை நொடிக்கு 60 முறை ஏறி இறங்குகிறது. 120 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு. அலையின் உச்சமோ ஏறத்தாழ 170 வோல்ட். ஒன்றின் அலை உச்சியில் இருக்கும்போது மற்றதன் அலை பள்ளத்தில் இருந்தால், இரண்டுக்கும் இடையே 340 வோல்ட் வேறுபாடு தோன்றும். இணைக்கும் கம்பியில் மின்தடை மிகக் குறைவாதலால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கருவிகளைக் கெடுத்துவிடும். கோலாட்டத்தில் ஒருத்தி தாளம் தவறினால் கோல் விரலில் விழுவதைப் போன்றதே இது. ஆகவே மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும்.

பழைய வகைச் சிறு ஜெனரேட்டர்களில், 60 ஹெர்ட்ஸ் பெறுவதற்கு இயந்திரம் நிமிடத்திற்கு 3,600 சுற்று சுழல வேண்டும். இரண்டு இயந்திரங்களைச் சிறிதும் பிசகாமல் ஒன்றாகச் சுழலவைத்தல் எளிதன்று. இன்வெர்ட்டர் வகையிலோ, பிறக்கும் மின்சாரம் முதலில் நேர்திசை மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. பின்னர் மின்னணுச் சுற்று அதனை 60 ஹெர்ட்ஸ் அலையாக வடித்துத் தருகிறது. இரண்டாம் ஜெனரேட்டர் முதலாவதன் அலையை உணர்ந்து, தன் அலையையும் அதனோடு பொருத்திக்கொள்கிறது.

பெரிய மின்கட்டமைப்புகளுக்கும் விதி இதுவே. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், தென்னிந்திய மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிக் கட்டமைப்போடு ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழியாக இணைக்கப்பட்டது. அன்றுமுதல் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது.

இணைக்கும் முறை

1. தயாரிப்பாளர் ‘இவற்றை இணைக்கலாம்’ என்று கூறியுள்ள இன்வெர்ட்டர் வகைகளையே இணைக்க வேண்டும்.

2. இரு இயந்திரங்களும் நின்றிருக்கும்போதே, அதற்கென விற்கப்படும் இணைப்புக் கம்பியைப் பொருத்த வேண்டும்.

3. இரண்டையும் ஓடவிட்டு, ஓட்டம் சீரானபின் வண்டியின் செருகியைச் செருக வேண்டும். பின்னர் கருவிகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

4. பிரிக்கும்போது முதலில் கருவிகளையும், அடுத்து இயந்திரங்களையும் நிறுத்திய பின்னரே கம்பியைக் கழற்ற வேண்டும்.

இரு முனையிலும் செருகி வைத்துத் தாமே கம்பி செய்துகொள்வது உயிருக்கே ஆபத்து. ஒரு முனையைக் கழற்றியதும், வெளியே தெரியும் உலோக முட்களில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். தொட்டவர் கதி என்னவாகும்?

கணக்கும் வேண்டும்

குளிர்பதனக் கருவிக்கு 1,500, மைக்ரோவேவ் அடுப்புக்கு 1,500, வெந்நீர்க் கலத்துக்கு 1,400 வாட் எனக் கொண்டால் மொத்தம் 4,400 வாட். இரு ஜெனரேட்டர்களும் சேர்ந்தாலும் இதனைத் தொடர்ந்து தாங்க இயலா. எனவே வெந்நீர் காயும்போது அடுப்பை நிறுத்தி வைக்க வேண்டும். மலைப்பகுதிகளில் காற்று மெலிந்திருப்பதால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் இயந்திரத்தின் திறன் ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறையும். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான நாட்டத்தோடு இதனைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல். உறங்குபவரோ விழிக்காமலே உயிரிழக்க நேரிடும். இரண்டு ஜெனரேட்டர்கள் ஓடினால் புகையும் இரு இடங்களிலிருந்து வரும். ஆகையால் அவற்றைத் திறந்த வெளியில், வண்டியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வைத்தல் வேண்டும். சன்னல் ஓரத்திலோ வண்டியின் அடியிலோ ஒருபோதும் வைக்கலாகாது. வண்டிக்குள் இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியும் பழுதின்றி இருக்க வேண்டும். தலைவலி தோன்றினால் உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

நம் ஊர்த் திருமணங்களிலும், மின்வெட்டின்போது கடைகளிலும் ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. அவற்றின் புகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாலைவனத்து வீட்டு வண்டியிலிருந்து நாம் கற்பன இரண்டு: வலிமை கூட வேண்டுமாயின் இசைவு வேண்டும், இசைவு கிடைத்த பின்னும் விழிப்பு வேண்டும். இவ்விரண்டையும் மனத்தில் இருத்துவோமாக!