முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்

பொம்மசந்திரா

அன்புள்ள தங்கைக்கு,

கோதுமையை நிறுத்தி நான்கு மாதமாகிறது, வயிறு அடங்கிவிட்டது, இனிமேல் எதற்குப் பரிசோதனை என்று கேட்டிருக்கிறாய். உப்புசமும் பேதியும் நின்றபிறகு ஊசி குத்திக்கொள்ள யாருக்கும் ஆசை வராதுதான். ஆனால் சீலியாக் நோயைப் பொறுத்தவரை பரிசோதனை முதலில் வரவேண்டும், பத்தியம் அதற்குப் பின்னால். பத்தியம் முந்திக்கொண்டால் பரிசோதனை ஊமையாகிவிடும். இன்றைய நிலையில் நீ ரத்தம் கொடுத்து, 'நோய் இல்லை' என்று அறிக்கை வந்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

காரணம் அந்த நோய் நடக்கும் விதத்தில் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் யாருடைய வயிற்றிலும் முழுக்கச் செரிப்பதில்லை. பெரும்பாலோருக்கு அந்தச் செரிக்காத துண்டுகளால் கெடுதல் எதுவும் இல்லை. எச்.எல்.ஏ. டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், உடலின் காவல் அணுக்கள் அந்தத் துண்டுகளை எதிரியாக எடுத்துக்கொண்டு சண்டை தொடங்குகின்றன. அடி விழுவது சொந்தக் குடலுக்கு. சத்தை உறிஞ்சும் குடல் விரலிகள் தேய்ந்து மட்டமாகின்றன. சண்டையின் தடயமாக ரத்தத்தில் சில எதிர்ப்பொருள்கள் வருகின்றன. அவற்றில் முக்கியமானது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற, நம் உடலுக்கே உரிய நொதியைத் தாக்குவது. 1997இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபிறகுதான் எளிய ரத்தப் பரிசோதனை கைக்கு வந்தது. சாப்பாட்டில் குளூட்டன் நின்றால் சண்டை நிற்கும், மாதக்கணக்கில் எதிர்ப்பொருள் வடியும், விரலிகளும் மெல்ல வளர்ந்துவிடும். அப்போது போய்ப் பரிசோதிப்பது சித்திரை வெயிலில் கூரையின் ஒழுக்கைத் தேடுவது மாதிரி. ஓட்டை இருந்தாலும் தரை காய்ந்துதான் கிடக்கும்.

'நிறுத்தினேன், சரியானது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?' என்பது உன் முதல் ஆட்சேபம். இதே நியாயத்தால் மருத்துவ உலகமே ஒருமுறை வழி தவறியிருக்கிறது. 1924இல் நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், இந்த நோயால் வற்றிப்போன குழந்தைகளுக்கு வாழைப்பழப் பத்தியம் கொடுத்தார். ரொட்டியையும் தானிய உணவையும் விலக்கிவிட்டார். குழந்தைகள் தேறினார்கள். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குப் போயிற்று. (வாழைத்தார் தொங்காத கடையே இல்லாத நம் ஊரில் இந்தக் கதை யாருக்கும் தெரியாமல் போனது வேடிக்கை.) குழந்தைகள் தேறியதென்னவோ உண்மை, காரணம் மட்டும் தவறு. கோதுமைதான் குற்றவாளி என்று காட்டியவர் நெதர்லாந்தின் வில்லம் டிக்கே. 1930களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தக் குழந்தைகள் மோசமாகவில்லை என்பது சந்தேகத்தை வலுப்படுத்தியது. ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. கோதுமையை விலக்கியும் மறுபடி கொடுத்தும் அளந்து பார்த்து, 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தார். விலக்கியதோடு முடித்திருந்தால் அவரும் இன்னொரு ஹாஸ்தான்.

கோதுமையை நிறுத்தும்போது குளூட்டன் மட்டும் போவதில்லை என்பதையும் பார். பரோட்டா போகிறது, பிஸ்கட் போகிறது, கேன்டீன் சப்பாத்தியோடு எண்ணெய்க் குருமாவும் போகிறது. ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகையும் போகிறது. நார்வேயில் தாமாகவே குளூட்டனை விட்டிருந்த, சீலியாக் நோய் இல்லாத 59 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் முடிவு வெளியானது. குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களை, எது எதுவென்று சொல்லாமல், வாரம் ஒன்றாகக் கொடுத்தார்கள். வயிற்றை அதிகம் படுத்தியது ஃபிரக்டான். அது வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. உன் தொல்லைக்கும் அதுதான் காரணம் என்றால், நீ சப்பாத்தியைப் பழித்துக்கொண்டு சாம்பாரில் சின்ன வெங்காயத்தை அள்ளிப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது: 'இது வடநாட்டு நோய், நமக்கு வராது.' இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆதாரம் உண்டு. பி. எஸ். ராமகிருஷ்ணா, கோவிந்த் மகாரியா உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று வட்டாரங்களில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே பத்தாயிரம் பேருக்குச் சுமார் 85 பேர், வடகிழக்கே 47 பேர், தெற்கே ஒரே ஒருவர். இதோடு படிப்பதை நிறுத்தினால் உன் ஆட்சேபம் ஜெயித்துவிடும். ஆனால் நோய்க்கு இடம் தரும் மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கேயும் 36 சதவீதம் பேரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். அங்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். கோதுமை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. வடகிழக்கில் அது 37 கிராம்தான், நோயோ நம்மைவிடப் பல மடங்கு. இருந்தாலும் ராகிக் களியும் சோறும் தின்ற ஆனேக்கல், ஓசூர் வட்டாரத்திலிருந்து பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளுக்கு வருகிறவர்களின் தட்டு இன்று என்னவாக இருக்கிறது? காலையில் ரவை உப்புமா அல்லது பிரெட், மதியம் சப்பாத்தி, இரவில் பரோட்டா. பக்கத்து அறையில் இருப்பவள் ஹரியானாக்காரியாகவும் இருக்கலாம். பழைய சராசரியை வைத்து ஒருத்தியின் குடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. நோய் அரிது என்பதையே வாதமாக எடுத்துக்கொண்டாலும் அது உன் பக்கம் நிற்காது. அரிதான நோய் என்றால், நீயாக யூகித்துப் பிடித்த பத்தியம் தவறாக இருக்கும் வாய்ப்புத்தானே கூடுகிறது?

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, எப்படியும் கோதுமையைத் தொடப்போவதில்லையே என்றும் கேட்பாய். பெயரைப் பொறுத்துப் பத்தியமே மாறும். சீலியாக் நோய் என்றால் ஆயுள் முழுவதும், துளியும் விலக்கின்றி இருக்க வேண்டும். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது ரொட்டித் துணுக்கு அளவு, மூன்று மாதம் உள்ளே போனாலே குடலைக் கெடுக்கும் என்று ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியிருக்கிறது. கட்டிப் பெருங்காயத்தில் கலக்கும் கோதுமை மாவு, கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்து வாங்கிய ராகி மாவு எல்லாம் அப்போதுதான் கணக்கில் வரும். சந்தேகத்தின் பேரில் யாரும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. கல்யாண வீட்டில் ஒரு பூரி உள்ளே போய்விடும். நோய் இருந்தால் எலும்புத் தேய்மானத்தையும் இரும்புச்சத்தையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். நம் பெண்களின் ரத்தசோகைக்குக் 'கீரை சாப்பிடு' என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மாத்திரை விழுங்கியும் ஏறாத இரும்புச்சத்துக்கு இந்த நோய் ஒரு காரணமாக இருக்கலாம். அதோடு நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று பார்த்தால் நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கும். உன் அறிக்கை உன் தம்பிக்கும் சேர்த்துத்தான். நோய் இல்லை என்று உறுதியானால், அர்த்தமில்லாத ஒரு விரதத்திலிருந்து உனக்கு விடுதலை.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் ஒரு குடல்நோய் மருத்துவரைப் பார். ஓசூர் சாலையில் பெரிய மருத்துவமனை இருக்கிறது, மஞ்சள் தடத்தில் மெட்ரோவும் 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடுகிறது. தூரத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. கோதுமையை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் தடயம் இன்னும் இருக்கக்கூடும், உடனே சோதிக்கலாம் என்பார்கள். உனக்கு மாதங்கள் ஆகிவிட்டதால் மரபணுப் பரிசோதனையில் தொடங்குவது புத்திசாலித்தனம். அதற்கு நீ என்ன சாப்பிடுகிறாய் என்ற கணக்கே கிடையாது. டி.க்யூ.2, டி.க்யூ.8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் நோய் ஏறக்குறைய இல்லை, கதை அங்கேயே முடிந்தது. இருந்தால் அது நோய்க்கு அத்தாட்சி ஆகாது, அடுத்த படிக்குப் போகவேண்டும் என்பது மட்டுமே. அந்த அடுத்த படிதான் நீ பயப்படுவது: மறுபடி கோதுமை. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, ஏற்கெனவே நோய் உறுதியான பெரியவர்களுக்குத் தினம் 3 கிராம் குளூட்டன் இரண்டு வாரம் கொடுத்தாலே பெரும்பாலோரின் குடலில் மாற்றம் தெரிவதைக் காட்டியது. ஒரு பரோட்டாவிலேயே அந்த 3 கிராம் அடங்கிவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏற இன்னும் நாளாகும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிடச் சொல்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போதோ, உடல் மிகவும் நலிந்திருக்கும்போதோ இதைச் செய்யக்கூடாது. தொல்லை தாங்க முடியாவிட்டால் மருத்துவர் நாளைக் குறைப்பார். நீயாக நடுவில் நிறுத்திவிடாதே.

ரத்தத்தில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தாக்கும் ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் எழுதித்தரச் சொல். இந்த நோயாளிகளில் இரண்டு மூன்று சதவீதம் பேருக்கு ஐ.ஜி.ஏ.வே சுரப்பதில்லை. அவர்களுக்கு முதல் சோதனை பொய் சொல்லும். முடிவு நோய்ப் பக்கம் காட்டினால் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுப்பார்கள். ஓரிடம் தேய்ந்தும் ஓரிடம் நன்றாகவும் இருக்கும் என்பதால் நான்கைந்து துணுக்காவது வேண்டும். 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்' என்று நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்த்துத் தரும் விலையுயர்ந்த பரிசோதனைக்கு மட்டும் பணத்தைக் கொட்டாதே. நீ எதைச் சாப்பிட்டாய் என்பதைத்தான் அது சொல்லும், எது ஆகாது என்பதை அல்ல.

ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் பட்டினி கிடக்காதே. எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. காலையில் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

அன்புடன்,
அண்ணன்