சாமான் பெட்டியின் வரலாறு

முந்தானையைப் பார்த்தே அது யார் தறியில் நெய்த புடவை என்று என் தந்தையார் கூறிவிடுவார். இரயில் பெட்டியையும் அவ்வாறு அறிய இயலுமா? இயலும்.

ஆரணிக்குரிய ‘ஆரணி ரோடு’ நிலையம் களம்பூரில் உள்ளது. 2010இல் அது அகலப்பாதையானது. மீட்டர் பாதைப் பெட்டிகள் மறைந்தன.

பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஐந்திலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டு. மற்ற மூன்றும் வகை. 05712 எனில், 2005இல் செய்த ‘எஸ்.எல்.ஆர்.’, அதாவது பயணிகள் இருக்கை, சாமான் அறை, கார்டு அறை மூன்றும் கொண்டது.

1955இல் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலை 2018இல் பழைய வகைப் பெட்டிகளை நிறுத்தியது. எல்.எச்.பி. வண்டிகளில் எஸ்.எல்.ஆர். நின்ற இடத்தை ஜெனரேட்டர் பெட்டிகள் பிடித்தன. இன்ஜினிலிருந்தே மின்சாரம் பெறும் முறை வந்தபின், அவற்றுள் ஒன்றை நீக்கிச் சாமான் பெட்டியை மீண்டும் சேர்த்தனர். பழைய பயணிகள் பெட்டிகள் பலவும் சன்னல் அடைபட்டு, மோட்டார் வாகனங்களைச் சுமக்கின்றன.

“புடவை மூட்டை அனுப்பிய பெட்டியின் எண் என்ன?” என்று தந்தையாரைக் கேட்டேன். “எண்ணையா பார்த்தேன்? மூட்டை நனையாமல் போய்ச் சேருமா என்றுதான் பார்த்தேன்” என்றார்.

பெட்டியின் வயதை எண் கூறும். சுமந்த கதையை முதியோரே கூறுவர். நண்பர்களே, இரண்டையும் குறித்து வைப்போம்!