புனையுலகப் பிரிவும் உயிரின் சார்பும்

உயிர் தனித்து நிற்கும் பொருளன்று, ஒன்றைச் சார்ந்தே நிற்பது, சார்ந்ததன் வண்ணமாவது. இது மெய்கண்ட சந்தானத்தார் ஒருதலையாகத் துணிந்த உண்மை. கண் இருளில் இருளாயும் ஒளியில் ஒளியாயும் நிற்றலையும், படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதலையும் இதற்கு உவமை கூறுவர். பாடங் கேட்குங்கால் இவ்வுவமைகளை எளிதிற் கடந்து சென்றுவிடுகின்றோம். இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றில் வைத்து ஆராயின் அவற்றின் ஆழம் இனிது புலனாகும்.

அண்ணாகிராமத்தினின்று எம்பாற் சிவஞான சித்தியார் பாடங் கேட்க வரும் இளைஞர் ஒருவர், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'அவதார்' இரண்டாம் படத்தைக் கண்டபின் சில நாள் முகவாட்டத்தோடிருந்தார். காரணம் வினவியபோது, "ஐயா, கொட்டகையை விட்டு வந்தது முதல் ஊரும் கழனியும் வீடும் சுவையற்றுத் தோன்றுகின்றன. இல்லாத ஊரொன்றை இழந்தாற்போல நெஞ்சு கனக்கின்றது. இது மலத்தின் செயலோ, மனத்தின் நோயோ?" என்றார். அருகிருந்தோர் நகைத்தனர். அது நகைத்தற்குரிய வினா அன்று.

இத்துயர் அவரொருவர்க்கே உரியதுமன்று. ஜேம்ஸ் கேமரூன் என்பார் இயக்கிய 'அவதார்' முதற்படம் 2009 டிசம்பரில் வெளிவந்தது. பண்டோரா என்னும் கற்பனை நிலவுலகும், அங்கு வாழும் நீலமேனி மாந்தரும், இரவில் ஒளிரும் காடும், வானில் மிதக்கும் மலைகளும், ஏறத்தாழ 2 மணி 40 நிமிட நேரம், முப்பரிமாணக் கண்ணாடி வழியே கண்ணெதிரே நிற்பனபோல் அதிற் காட்டப்பட்டன. 2010 ஜனவரியில் அமெரிக்கச் செய்தி நிறுவனமாகிய சி.என்.என்., அப்படத்தைக் கண்டோருட் சிலர் பெருஞ்சோர்வு எய்தினர் என்று செய்தி வெளியிட்டது. தம் வாழ்வும் தாம் வாழும் உலகும் நிறமிழந்து போயின என்றனர் சிலர். உயிர் துறந்தால் அத்தகைய உலகிற் சென்று பிறக்கலாகுமோ என்று எண்ணினாரும் உளர். எண்ணம் அவ்வெல்லை வரை சென்றதாயின், இதன் காரணத்தை ஆராய்ந்து கூறுதல் தத்துவநூல் கற்றார் கடன் ஆகும்.

இதன்கண் மூவகைக் கொள்கை கூறுவாருளர். அவற்றை முறையே ஆராய்வாம்.

பொய்யான ஒன்றைக் கண்டு வருந்துதல் பேதைமை. ஆதலின் ஆராய யாதுமில்லை என்பது முதற்கொள்கை. உலகையே பொய்யென்பார்க்கு இவ்விடை பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. உள்ளதே தோன்றும் என்னும் சற்காரியவாதம் கொண்ட நமக்கு, திரையிற் பட்ட ஒளியும், செவியிற் புக்க ஒலியும், அவற்றால் உயிர் நுகர்ந்த இன்பமும் மாயையின் காரியங்களே; அவை இல்பொருள் அல்ல. அப்படத்தின் காட்சிகளும் வெறுவெளியினின்று பிறந்தனவல்ல. மிதக்கும் மலைகளை ஒத்த கற்றூண்கள் சீனநாட்டுச் சாங்சியாசியே என்னுமிடத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றற்கு 2010-இல் அப்படத்தை ஒட்டிய பெயரே இடப்பட்டது. இருளில் ஒளிரும் உயிர்களோ நம் கடலில் உள்ளன. இவ்வுலகப் பொருள்களைக் கோத்தே அவ்வுலகு புனையப்பட்டது. ஆகவே வருந்துவோன் இல்லாததற்கு வருந்துகின்றான் என்றல் முற்றும் பொருந்தாது.

இவ்வுலகின் இழிவை உணர்ந்ததனால் வந்த துயராகலின் இது வைராக்கியத்தின் முளை என்பது இரண்டாங் கொள்கை. இது மயக்கவுரை. வைராக்கியம் உற்றான் பற்று ஒழிந்தமையால் நெஞ்சு இலகுவாகித் தன் கடமையை வருத்தமின்றிச் செய்வான். இத்துயர் உற்றானோ நெஞ்சு கனத்துக் கடமையிற் கைசோர்கின்றான். முன்னவன் பொருள் இருக்க வேட்கை ஒழிந்தவன். பின்னவன் பொருள் ஒழிய வேட்கை எஞ்சியவன். அராகம் எழுப்பிய இச்சை பற்றிய கொழுகொம்பு கைவிட்டுப் போக, அது வெளியிலே துழாவி நிற்பதே இந்நிலை.

அற்றேல், இத்தகைய படங்களை அறவே விலக்குதல் நன்றன்றோ எனின், அது மூன்றாங் கொள்கை. சார்பின்றி நில்லாத உயிரிடத்துச் சார்பொன்றைப் பறித்து வேறொன்று கொடாது விடுதல், கொழுகொம்பை வெட்டிக் கொடியைக் காக்க நினைத்தலை ஒக்கும். மாயையின் காரியங்கள் அனைத்தும் உயிர்க்குப் பகையல்ல. மாயையை, விடியுமளவும் இருளில் உதவும் கைவிளக்கோடு ஒப்பிடுவர் உமாபதி சிவனார். இருட்கொட்டகையில் ஒளிகாட்டும் படமும் அவ்விளக்கின் ஒரு சிறு சுடரே. குற்றம் விளக்கின்மேலதன்று, விளக்கை விடியலென்று கொண்ட உயிரின்மேலது.

இனித் துயரின் உண்மைக் காரணம் யாதெனிற் கூறுதும். படிகத்தினின்று செம்மலரை அகற்றினால் செம்மை நீங்கும், படிகம் வருந்துவதில்லை. உயிரோ அறிவுடைப் பொருள்; தான் ஏற்ற நிறத்தைத் தன்னதென்றே கொண்டது. ஆதலின் மலர் அகன்றபோது ஒரு பொருள் அகன்றதென்று கருதாமல், தானே குறைந்ததாகக் கருதுகின்றது. பழைய சார்பு போயிற்று. புதிய சார்பு இன்னும் வாய்த்திலது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வெறுமையில், ஆணவத்தின் மறைப்பை உயிர் ஒருசிறிது உணர்கின்றது. அவ்வுணர்வே நெஞ்சின் கனம். இடையறாது ஒன்றையடுத்து ஒன்றைப் பற்றுகின்றமையால் நாள்தோறும் நாம் காணாது விடும் வெறுமை, பேரழகொன்று திடீரென நீங்கியவழி வெளிப்படுகின்றது. ஆகவே படம் துயரைப் படைத்ததன்று. முன்னே உள்ளதொரு குறையைக் காட்டியது.

அப்படத்தின் கதையே இதற்குச் சான்று பகரும். கால் இயங்காத போர்வீரன் ஒருவன், கருவிவழியே தன் அறிவை நீலமேனி உடலொன்றிற் செலுத்தி அவ்வுலகில் உலவுகின்றான். முடிவில் அவ்வுடலிலேயே நிலைபெறுகின்றான். காண்போனும் அவனோடு உடன்சென்று உலவினான். ஆயின் கதைத்தலைவன் அங்குத் தங்கிவிட, காண்போன் மட்டும் வாயிலுக்கு வெளியே விடப்படுகின்றான். நம் திருமூலர் வரலாற்றை இதனோடு வைத்துக் காண்க. ஆக்களின் துயர்நீக்க மூலன் என்னும் இடையன் உடலிற் புகுந்த அப்பெருமான், மீண்டு வந்து தம் பழைய உடலைக் கண்டிலர். இழந்தது படத்திற் கண்ட உடலன்று. தமக்கே உரிய உடல். எனினும் அவர் சோர்ந்தாரல்லர். திருவாவடுதுறை அடைந்து யோகத்தமர்ந்தார். அவர் சார்பு உடல் அன்று, சிவம் ஆகலின், உடல் போயவழிச் சார்பு போயிற்றில்லை.

இந்நோய்க்கு மருந்து யாது என்பதனைத் தில்லையிலேயே ஒரு பெரியார் செய்து காட்டியிருக்கின்றார். அநபாய சோழன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஆழ்ந்திருந்தான் என்பது சேக்கிழார் வரலாறு கூறும் நூலின் செய்தி. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாங் குலோத்துங்கனே அவ்வரசன் என்பர் ஆராய்ச்சியாளர். அவன் சோர்வுற்றான் என்று அந்நூல் கூறவில்லை. புனைந்த காவிய உலகொன்றில் மனந்தோய்ந்தான் என்பதே நாம் கொள்ளற்பாலது. சிந்தாமணியின் சொல்வளத்தை யாம் குறை கூறுகின்றோமல்லேம். திருவாவடுதுறை ஆதீனத்திற் பயின்ற டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே 1887-இல் அதனை அச்சேற்றித் தமிழுலகிற்கு வழங்கினார்கள்.

அமைச்சராகிய சேக்கிழார் அரசனை இடித்துரைத்ததோடு அமைந்தாரல்லர். மாற்றாக ஒரு காவியத்தையே அளித்தார். 'உலகெலாம்' என்று அம்பலவாணர் முதற்சொல் எடுத்துக் கொடுக்க, ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து, ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் முடித்தார் என்பது வரலாறு. அவர் அளித்த மருந்தின் திறம் யாதென்பதே ஈண்டு யாம் வற்புறுத்தக் கருதியது. அக்காவியத்தின் உலகு, ஏட்டை மூடியவழி மறைவதன்று. அதில் வரும் ஊர்கள் அரசன் ஆண்ட நாட்டிலேயே இருந்தன. நடந்து சென்று காணத்தக்கன. படித்தவன் ஏட்டை விட்டு எழுந்து வாயிலைக் கடந்தால், பிரிவு நேர்வதற்கு மாறாக, அவ்வுலகினுள் மேலும் புகுகின்றான்.

அவ்வூர்கள் இன்றும் உள. எம் மாணாக்கர்க்கு யாம் கூறியதும் இதுவே. அண்ணாகிராமத்திற்கு அணித்தே கெடிலக் கரையிலுள்ள திருவதிகையிலன்றோ திலகவதியார் மெழுக்கிட்டுத் தொண்டு செய்ததும், சூலைநோயாற் புழுங்கிய தம்பியார் வந்து அடைந்ததும்! அவர் பிறந்த திருவாமூரும், கல்லே தெப்பமாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் இம்மாவட்டத்தனவே. அருணந்தி சிவனார் தோன்றிய திருத்துறையூரும் அவ்வாறே. உண்மை விளக்கம் அருளிய மனவாசகங் கடந்தார் ஊர் திருவதிகையே. ஒளிரும் காடு காணவேண்டி ஏங்குவார்க்கு, சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்தில் நீரிடையே நிற்கும் தில்லைமரங்கள் உள. அம்மரத்தாலன்றோ தில்லை பெயர்பெற்றது! கழனியும் கெடிலமும் சுவையற்றன அல்ல. அவற்றின்மேற் படிந்த கண் வேறொரு நிறத்தை ஏற்றிருந்தது.

நம் நாட்டுக் கூத்துமுறையும் இதனை அறிந்தே அமைந்தது போலும். இப்பகுதித் திரௌபதியம்மன் கோயில்களிற் பாரதக்கூத்து நாட்கணக்கில் நிகழ்கின்றது. கண்டோரை அவ்வாறே கலைந்து போக விடுவதில்லை. படுகளத்தின்பின் தீமிதி உண்டு. அங்கு ஊரார் தாமே காப்புக் கட்டிக் கனலில் நடக்கின்றனர். பின்னர்த் தருமர் பட்டாபிடேகத்தோடு விழா நிறைவுறும். கண்ணாற் கண்டதைக் காலால் நடந்து முடித்தமையால், கதையுலகிற்கும் ஊர்க்கும் இடையே ஒரு பாலம் அமைகின்றது. திரைக்கொட்டகையில் அப்பாலம் இல்லை. விளக்கேற்றியவுடன் வாயில் திறக்கப்படுகின்றது. ஆதலின் காண்போன் அதனைத் தானே அமைத்துக்கொள்ளல் வேண்டும். படங்கண்டு மீண்டவர் அன்றே ஒரு தொண்டிற் கைவைத்தல், கோயிலை வலம்வருதல், ஐந்தெழுத்தை எண்ணுதல் ஆகியன எளிய பாலங்களாம்.

ஒன்று கூறாதொழிதல் தகாது. சோர்வு நாட்கணக்கன்றி வாரக்கணக்கில் நீடிப்பின், உறக்கமும் உணவும் குறையின், உயிர்விடும் எண்ணம் ஒருமுறையேனும் தோன்றின், அவரைத் தனித்து விடாது உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் சுற்றத்தார் கடன். மனமுதலிய அந்தக்கரணங்களும் மாயையின் காரியமே. உடற்கு மருந்து வேண்டுவதுபோல அவற்றிற்கும் வேண்டும். வேண்டிய உலகிற் பிறத்தல் வேட்கையான் வருவதன்று, வினையான் வருவது. பெறற்கரிய மானிடப் பிறவியைக் கைவிட்டு வேற்றுலகம் புகுதல் என்பது நம் நூல்களில் யாண்டும் இல்லாத வழி. இதனை நகைப்போடன்றி அன்போடு எடுத்துரைத்தல் வேண்டும்.

மாணாக்கர் வினவிய வினாவிற்கு விடை இஃதாம்: துயர் மலமறைப்பின் அடையாளம், அதே வேளையில், உயிர் ஒரு பேரழகைச் சார்தற்கே உரியது என்பதற்கும் அடையாளம். சிறிதுபோழ்து நின்ற அழகு நீங்கியதற்கே இத்துணை வருந்தும் உயிர், நீங்காத அழகொன்றைச் சாரின் எத்துணை இன்புறும்! தில்லையில் ஆடும் திருவடி, விளக்கு அணைந்தவழி மறையும் காட்சியன்று. சித்தாந்தங் கற்றோர் இதனை மேலும் ஆராய்ந்து, இளையோர்க்கு ஏற்ற மொழியில் எடுத்துரைப்பாராக.

திருச்சிற்றம்பலம்.