இணையவழிப் படிப்பில் மொழி ஒரு தடையா?

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகள் சிலர் இணையவழியில் உயர்கல்வி படிக்கிறார்கள். சேர்ந்த சில வாரங்களில், "பாடம் கஷ்டமாக இருக்கிறது" என்று விட்டுவிடுவோரும் உண்டு. பல நேரங்களில் கஷ்டம் பாடத்தில் இல்லை, மொழியில் இருக்கிறது.

கல்லூரி வகுப்பில் ஆங்கிலத்தில் நடத்தும் பேராசிரியரும் இடையிடையே தமிழில் விளக்குவார். மாணவரின் முகத்தைப் பார்த்துத் திரும்பச் சொல்வார். பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். பதிவு செய்த காணொளியில் இவை எதுவும் இல்லை. ஒரு வாக்கியம் புரிவதற்குள் அடுத்த கருத்து வந்துவிடுகிறது.

ஆனால் காணொளியை நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழகிய வழிதான். அரபி கிதாபுக்கு உஸ்தாத் சொல் சொல்லாகப் பொருள் சொல்வார். மறுநாள் அந்தச் சபக்கை ஒப்புவித்த பிறகே அடுத்தது. அந்த நிதானமே இங்கும் தேவை.

1. முதலில் பாடத்தின் எழுத்து வடிவத்தைப் படியுங்கள்; பிறகு காணொளியைப் பாருங்கள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்குத் தமிழிலும் எழுத்து வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது.

2. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

3. கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதி, எதிரே தமிழில் விளக்கம் எழுதிவையுங்கள். தேர்வில் அந்தச் சொற்கள்தாம் வரும்.

4. சந்தேகத்தைச் சிறிய, எளிய ஆங்கிலத்தில் கேளுங்கள். இலக்கணப் பிழைக்கு அஞ்சி மௌனமாக இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

5. ஓரிரு வாரம் தவறியதற்காகப் படிப்பைக் கைவிடாதீர்கள். என்.பி.டி.இ.எல். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் மதிப்பெண்ணே கணக்கில் வரும். அதற்கு 25 மதிப்பெண். இறுதித் தேர்வுக்கு 75. எனவே மீண்டும் தொடர வழி இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரே பாடத்தை மூன்று முறை கேட்கும் பிள்ளை, போனில் பொழுது போக்குவதாக உங்களுக்குத் தோன்றலாம். வீட்டு வேலை சொல்லாமல், தினமும் அமைதியான இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

படிப்பை விட்டுவிடலாம் என்று நினைக்கும் மாணவ மாணவியர், முடிவெடுக்கும் முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒருமுறை வாருங்கள். அதே பாடத்தைப் படித்து முடித்தவர்கள் நம் ஜமாஅத்தில் இருந்தால், அவர்களுடன் உங்களைச் சேர்த்துவைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.