தம்பி ஏன் நம்மைவிடச் சீக்கிரம் வற்றிப்போகிறான்?

மாணவர்களே, சென்ற ஆண்டு ஏப்ரல் மாதம் அலோர் ஸ்டாரில் என் அக்கா வீட்டில் ஒரு விருந்து. வெயில் கொளுத்திய நாள். ஒன்றே முக்கால் வயதான என் மகன் காலையிலிருந்து வாசலில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டே இருந்தான். பெரியவர்கள் நாங்கள் சமையலிலும் பேச்சிலும் மூழ்கிவிட்டோம். மதியம் 2 மணிக்கு, படிவம் 2 படிக்கும் அக்கா மகள் என்னிடம் வந்து, "சின்னம்மா, தம்பி பெம்பர்ஸ் காலையில போட்ட மாதிரியே காய்ஞ்சு கிடக்கு" என்றாள். போட்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. உடலின் நீர்ச் சமநிலையை வகுப்பில் பாடமாக நடத்துகிற எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது!

அன்று எல்லாரும் ஒரே வெயிலில்தான் இருந்தோம். அவன் மட்டும் ஏன் முதலில் வற்றினான்?

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். 2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பளவு 24 சதுர செ.மீ., கன அளவு 8 கன செ.மீ. விகிதம் 3:1. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கு அதே விகிதம் 6:1. பொருள் சிறியதாக ஆக, உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவைவிட வெளிப்பரப்பு கூடிவிடுகிறது. உடலும் அப்படித்தான். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 300 சதுர செ.மீ. தோல் இருக்கிறது. 12 கிலோ குழந்தைக்கோ ஏறக்குறைய 450. நீர் ஆவியாகிப் போவது இந்தத் தோல் வழியாகத்தான். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது, வெப்பம் உள்ளே வருவதும் இதே வழியில்தான்.

நம் நாட்டில் மூன்று நாள் தொடர்ந்து அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. தோலின் வெப்பநிலையும் ஏறக்குறைய 35தான். அந்த நேரத்தில் உடல் குளிர ஒரே வழி, வியர்வை ஆவியாவது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டினால் நீரும் போகும், உடலும் குளிராது. தள்ளுவண்டியில் வெயில் படாமலிருக்கத் துணி போட்டு மூடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உள்ளே காற்று நின்றுவிட்டால் நிழலால் கிடைத்த பயன் போய்விடும்.

இப்போது ஒரு 600 மில்லிலிட்டர் தண்ணீர்ப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நீரை இழந்தால் உங்கள் எடையில் 1.2 விழுக்காடுதான் குறையும். தாகம் எடுக்கும், குடித்துவிடுவீர்கள். 12 கிலோ குழந்தைக்கு அதே போத்தல் 5 விழுக்காடு. நீரிழப்பின் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு அது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? மால்கம் ஹாலிடே, வில்லியம் சீகர் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் வெளியிட்ட கணக்கை மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லிலிட்டர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. போட்டுப் பாருங்கள். 12 கிலோவுக்கு 1,100 மில்லிலிட்டர், 50 கிலோவுக்கு 2,100. ஒரு கிலோவுக்கு என்று வகுத்தால் குழந்தைக்கு 92, உங்களுக்கு 42. இது சாதாரண நாளுக்கான கணக்கு. பால், கஞ்சி, பழம் இவற்றில் உள்ள நீரும் இதில் சேரும். ஆகவே ஒரு லிட்டர் தண்ணீரைப் பிள்ளையின் வாயில் வற்புறுத்தி ஊற்றாதீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே நல்லது. விளையாட்டில் இருக்கும் குழந்தை தாகம் என்று வந்து சொல்லாது. பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே தெரியாது. தண்ணீர், பால், தர்பூசணித் துண்டு எதுவானாலும் சரி. சிராப் வேண்டாம். அன்று என் மகன் குடித்ததெல்லாம் அதுதான், அதுவும் இரண்டு வாய். ஊடுபரவல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: இனிப்பு மிகுந்த பானம் குடலுக்குள் போனால் நீர் உடலிலிருந்து குடலுக்கு இழுக்கப்படும், வயிற்றுப்போக்கும் வரலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டுமே கலக்க வேண்டும். குடல் செல்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உறிஞ்சுகின்றன, அவற்றின் பின்னே நீர் போகிறது. அளவு மாறினால் இந்த ஏற்பாடு கெட்டுவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வெறும் தண்ணீர் கொடுக்கக்கூடாது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம். அவர்களுக்குப் பால்தான், வெயில் நாளில் இன்னும் அடிக்கடி.

கவனிக்க வேண்டியவை இவை: சிறுநீர் குறைவதும் அடர் மஞ்சளாவதும், உலர்ந்த நாக்கு, கண்ணீர் வராத அழுகை, குழிவிழுந்த கண்கள். பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே பெரியவர்களிடம் சொல்லி கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் செய்யுங்கள். அன்று நாங்கள் மகனை மின்விசிறியின் கீழ் உட்காரவைத்து, ஈரத்துணியால் துடைத்து, கரண்டியில் தண்ணீர் கொடுத்தோம். 4 மணிக்குப் பெம்பர்ஸ் நனைந்தது. எனக்கு மூச்சு வந்தது.

இந்த வாரச் சோதனை: ஒரே அளவுள்ள இரண்டு கனசதுர ஸ்பாஞ்சுகளை எடுங்கள். ஒன்றை எட்டுச் சம கனசதுரங்களாக வெட்டுங்கள். மொத்தப் பரப்பளவு இரட்டிப்பாகும். இரண்டிலும் 40 கிராம் தண்ணீர் ஊற்றி, துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி கம்பி வலைமேல் வைத்து, மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் விடுங்கள். சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் எடை பாருங்கள். இழப்பு சரியாக இரண்டு மடங்கா? இல்லையென்றால் ஏன் என்று யோசித்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.