புண்ணில் அமரும் ஈ எவ்வினம்?

ஈக்கள் யாவும் ஒன்றே என எண்ணுவது இயல்பு. ஆனால் ஆறாத புண் உடையவருக்கு, அதன்மேல் அமர்வது எவ்வகை ஈ என்பது பொருட்படுத்தத்தக்க வினாவாகும். சில ஈக்கள் கிருமிகளை விட்டுச் செல்லும். சில புழுக்களையே விட்டுச் செல்லும்.

தேனீக்கும் குளவிக்கும் நான்கு சிறகுகள், ஈக்கோ இரண்டே. பின்சிறகுகளுக்கு மாறாக, குண்டூசி போன்ற இரு சிற்றுறுப்புகள் அமைந்து, பறக்கையில் சமநிலை காக்கின்றன.

இனி வகைகளைக் காண்போம்.

வீட்டு ஈ: சாம்பல் நிறம், நீளம் 6 முதல் 7 மி.மீ. மார்பின் மேற்புறம் நான்கு கருங்கோடுகள் உண்டு. பஞ்சு போன்ற வாயால் ஒற்றி உறிஞ்சும், கடிக்காது.

சதை ஈ: சற்றுப் பெரியது. மார்பில் மூன்று கோடுகளும், வயிற்றில் சதுரங்கக் கட்டங்களும் காணப்படும். முட்டைக்கு மாறாகப் புழுக்களையே ஈனும்.

பச்சை, நீல ஈக்கள்: உலோகம் போல் மினுமினுப்பவை. இவற்றுள் கிரைசோமையா பெசியானா என்னும் இனம் புண்ணின் விளிம்பில் ஒரே முறையில் ஏறத்தாழ 150 முதல் 200 முட்டைகள் இடும். அவை ஒரு நாளுக்குள் பொரிந்து, உயிருள்ள தசையையே துளைத்து உண்ணும்.

இவ்வினத்தை ஒத்த வேறு பச்சை ஈக்களும் உள்ளமையால், நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. எனவே ஆய்வகத்தார் புழுவின் பின்முனையிலுள்ள மூச்சுத்துளைத் தட்டுகளை நுண்ணோக்கியில் காண்பர். அவற்றின் பிளவுகள் வளைந்து நெளிந்திருப்பின் வீட்டு ஈ. நேராக இருப்பின் மினுமினுக்கும் ஈக்களின் குடும்பமாகவோ சதை ஈயாகவோ இருக்கலாம். புழுவின் உடலைச் சுற்றியுள்ள முள்வரிசைகளும் பிற உறுப்புகளும் இனத்தை உறுதிசெய்யும்.

நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்குப் புழு ஊர்வதும் புலப்படாமல் போகலாம். ஆகவே வீட்டார் நாள்தோறும் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். புண்ணைத் தூய துணிக்கட்டால் மூடி வையுங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்குக் கொசுவலை பகலிலும் பயன்படும்.

புழுவைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்; தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். கட்டிலிருந்து விழுந்த புழு இருப்பின், மூடிய சிறு புட்டியில் இட்டு எடுத்து வாருங்கள். புழு வைத்தது எவருடைய பாவத்தின் பலனும் அன்று. மறைத்தற்குரிய இழிவும் அன்று. மறைக்கும் ஒவ்வொரு நாளும் புண் ஆழமாகும் என்பதே அஞ்சத்தக்கது.