பால்கொடிகளை ஹெர்பேரியத் தாளில் ஏற்ற வரும் பிள்ளைகளுக்கு

1. வேலிப்பருத்தி, நஞ்சறுப்பான், கொடிப்பாலை எல்லாமே கிள்ளினால் பால் விடும். வெட்டுவாயைத் துணியால் ஒற்றிவிட்டு, பால் நின்றபிறகு செடி உலர்த்தும் பிரஸ்ஸில் வை. இல்லாவிட்டால் பேப்பரோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். இலையில்லாத கொடிக்கள்ளி பிரஸ்ஸுக்குள்ளும் சாகாது. ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியெடு.

2. பூவில்லாத கொடியைக் கொண்டுவராதே. எதிரெதிர் இலையும் வெள்ளைப் பாலும் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. இனம் பிரிப்பது பூவின் நடுவிலிருக்கும் அமைப்பு. மகரந்தம் பொடியாக உதிராமல் இரண்டிரண்டு பைகளாகக் கோத்திருக்கும். நன்னாரியில் சின்னக் கரண்டிபோன்ற ஒன்றில் பொடியாகவே ஒட்டியிருக்கும். காய்ந்தபின் இதைப் பார்ப்பது கஷ்டம். நாலைந்து பூவை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, தாளின் எண்ணையே அதற்கும் எழுது.

3. நன்னாரியில் ஒரே கொடியில் புல்போல் ஒடுங்கிய இலையும் இருக்கும், அகன்ற இலையும் இருக்கும். இரண்டையும் எடு. வேர் விரல்நீளம் போதும். மிச்சத்தை சர்பத்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

4. காய்ந்தால் போய்விடுவதை அங்கேயே நோட்டில் எழுது: பூவின் நிறம், எதன்மேல் ஏறியிருந்தது, கசக்கினால் என்ன வாடை. வேலிப்பருத்தியின் நாற்றம் தாளில் தங்காது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரை மண்ணாகும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பெயர் உறுதியாகாமல் எதையும் வாயில் வைக்காதே. நஞ்சறுப்பான் வாந்தியெடுக்க வைக்கும்.

5. முற்றிய காயை நூலால் கட்டு. வெடித்தால் பஞ்சுவிதை பறந்து அடுத்தவன் தாளில் உட்காரும்.

6. இடம்தான் முக்கியம். அந்தக்காலத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சேகரித்த தாள்கள் பலவற்றில் இந்தியத் தீபகற்பம் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. நீ ஊர், ஓடைக்கரையா வேலியா, உயரம், தேதி எல்லாம் எழுது. பழைய தாளைக் கணினியில் ஏற்றும்போது லேபிளில் உள்ளதை உள்ளபடியே அடி. 1950இல் 'தென்னார்க்காடு' என்று எழுதியது இன்று கடலூரா, விழுப்புரமா, கள்ளக்குறிச்சியா? தெரியாவிட்டால் விட்டுவிடு. மாவட்டத் தலைநகரின் ஜிபிஎஸ் புள்ளியைப் போட்டால் கொடி கலெக்டர் ஆபீஸில் முளைக்கும்.

7. பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்காதே, அடிக்காதே. பக்கத்தில் புதுச்சீட்டு ஒட்டி, உன் பெயரும் வருடமும் போடு. நஞ்சறுப்பான் டைலோஃபோராவாக இருந்தது. இப்போது வின்செடாக்சிகம் என்கிறார்கள். அஸ்கிளிபியடேசி குடும்பத்தையே 1998இல் அபோசைனேசியில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அலமாரிகள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறை ஹெர்பேரியத்துக்கோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்துக்கோ போகும்போது இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டு போ.